தேர்வு நாளுக்கு மட்டும் விடுமுறை

விராலிமலை
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கார்த்திகா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம். நீயும் அத்தானும் சுகமா? அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா? மணமேல்குடியில் விடாமல் மழை என்று செய்தியில் சொன்னார்கள். ஈரத்தில் நடக்க விடாதே.

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே, கெட்ட சேதி ஒன்றும் இல்லை. என் போன் பகல் முழுக்கக் கடையில்தான் கிடக்கிறது. பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் பணம் அனுப்புவது அந்த நம்பருக்குத்தான். அவர் கடையைச் சாத்திவிட்டு வருவதற்குள் நீ தூங்கிவிடுகிறாய். அப்படியே பேசினாலும் கொஞ்ச நேரத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. நீ டீச்சர் குரலில் ஆரம்பித்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது அல்லவா?

விஷயம் இலக்கியாவைப் பற்றி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பிப்ரவரியில் மாநிலம் முழுக்க ஒரே நாளில் ஒரே தேர்வாம். ஒரு கேள்விக்கு நாலு விடை. சரியான விடைக்கு நேரே இருக்கிற வட்டத்தைக் கறுப்புப் பேனாவால் நிரப்ப வேண்டும். உனக்குத் தெரியாததா, நீயும் மூன்றாம் வகுப்புதானே எடுக்கிறாய். இங்கே தீபாவளி முடிந்ததிலிருந்து அதே பயிற்சிதான். படம் வரைகிற வகுப்பு போய்விட்டது, விளையாட்டு வகுப்பும் போய்விட்டது. சாப்பிடும்போதுகூடத் தட்டில் விரலால் வட்டம் போட்டு நிரப்புகிறாள். பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்தில் வயிறு வலிக்கிறது என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அந்த வலி வருவதே இல்லை.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இது எதற்கு என்று ஒரு பக்கம் ஆத்திரமாக இருக்கிறது. இன்னொரு பக்கம், சென்னையில் ஏசி வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையும் என் பிள்ளையும் அன்றைக்கு ஒரே கேள்வித்தாளைத்தான் பிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது. இரண்டில் எது சரி என்று நீதான் சொல்ல வேண்டும்.

படிப்பில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. பாடத்தைக் கையில் கொடுத்தால் கடகடவென்று வாசிக்கிறாள். சில பக்கங்களைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிறாள். அவர் பத்தாவது கணக்கில் தோற்றுப்போனவர். அதனால் மகள் வாசிப்பதைக் கேட்க, சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
கார்த்திகா

*

மணமேல்குடி
5.12.2024

அன்புத் தங்கை கார்த்திகாவுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்து மனம் நிறைந்தது. இங்கே நாங்கள் நலமே. அத்தானுக்கு வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. சிவபிரகாஷ் தம்பியை விசாரித்ததாகச் சொல். இலக்கியாவுக்குப் பெரியம்மாவின் முத்தம்.

குறுக்கே பேச முடியாது என்கிறாய். சரி, டீச்சர் குரலிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தங்கள் பெயரைத் தப்பில்லாமல் எழுத வராது. எங்களை யாரும் கேட்டதில்லை. யாரும் கேட்காத காலம் எங்களுக்கு வசதியாகத்தான் இருந்தது, பிள்ளைகளுக்கு இல்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து 'இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?' என்று கேட்பதை நான் தப்பு என்று சொல்லவே மாட்டேன். அதற்காக மூன்று மாதம் வட்டம் நிரப்ப வைப்பது மடத்தனம். அதற்குத் தேர்வு நடத்துகிறவர்களைக் குறை சொல்ல வேண்டாம். அப்படிச் செய்ய வைப்பது ஆசிரியர்களான எங்கள் பயம்.

ஒன்று மட்டும் செய்து பார். கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறாயே, அது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அவள் பார்த்திராத எதையாவது வாசிக்கச் சொல். கடைப் பலகையோ பஸ் பலகையோ எதுவானாலும் சரி. மிரட்டாதே, விளையாட்டாகக் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அன்புமொழி

*

விராலிமலை
22.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே அத்தானும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்?

நீ சொன்னதைச் செய்தேன். ஏன் செய்தோம் என்று இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றோம். ஒரு பஸ் வந்து திரும்பியது. "பாப்பா, அது எந்த ஊரு பஸ்சுன்னு வாசி" என்று கேட்டேன். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "திருச்சி" என்றாள். அது மணப்பாறை பஸ். அடுத்தது புதுக்கோட்டை என்று கொட்டை எழுத்தில் வந்தது. அதையும் திருச்சி என்றாள். இங்கிருந்து அதிகமாகப் போகிற பஸ் அதுதானே, அதனால்தான்.

வீட்டுக்கு வந்து, அவள் தலைகீழாகச் சொல்கிற பாடத்தையே எடுத்தேன். படத்தின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, நடுவில் ஒரு வரியைத் தொட்டு வாசிக்கச் சொன்னேன். அக்கா, அவளுக்கு ஒரு சொல்கூடத் தெரியவில்லை. 'அ', 'ம', 'ப' தெரிகிறது. கொம்பும் காலும் சேர்ந்தால் நின்றுவிடுகிறாள். மற்ற பிள்ளைகள் வாசிப்பதை ஒரு தடவை காதால் கேட்டுவிட்டு அப்படியே ஒப்பிக்கிறாள். படத்தைப் பார்த்துப் பக்கத்தைக் கண்டுபிடிக்கிறாள். மூன்று வருஷமாக இப்படித்தான் நடந்திருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏன்டி அம்மாக்கிட்ட சொல்லல?" என்றேன். கத்தவில்லை, சத்தியமாகக் கத்தவில்லை. "நான் வாசிக்கிறப்ப அப்பா சிரிக்கிறாங்கல்ல" என்றாள்.

அவரிடம் சொன்னேன். "அந்தப் பரீட்சை அன்னைக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். எனக்கு நடந்தது அதுக்கு வேணாம்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் கேட்டால், "நல்லாத்தானே படிக்கிது" என்கிறார்கள். அவளுக்கு செம்மல் சார்தான் வகுப்பாசிரியர். நல்ல பிள்ளை, சின்ன வயசு. இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு அல்லாடுகிறார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பதில் போடு.

கார்த்திகா

*

மணமேல்குடி
8.1.2025

அன்பு கார்த்திகாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பொங்கலுக்கு இங்கே வர முடியுமா என்று தம்பியைக் கேட்டுச் சொல்.

முதலில் நீ அழுவதை நிறுத்து. இது உன் குற்றமில்லை, பிள்ளையின் குற்றமும் இல்லை. கேட்டதை ஒரே தடவையில் மனதில் பிடித்துக்கொள்கிற பிள்ளையை மக்கு என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. அவளுக்கு எழுத்து பிடிபட நாளாகிறது, அவ்வளவுதான். தினமும் கொஞ்ச நேரம் உட்கார். புத்தகம் வேண்டாம், அது அவளுக்கு மனப்பாடம். மளிகைச் சாமான் பொட்டலம், கல்யாணப் பத்திரிகை என்று புதிதாக எதையாவது எடு. இரண்டு எழுத்துச் சொல்லில் ஆரம்பி. தப்பாகச் சொன்னால் சிரிக்காதே, சரியாகச் சொன்னாலும் ஆகா ஓகோ என்று கொண்டாடாதே.

என் வகுப்பிலும் இப்படி ஒருத்தி இருக்கிறாள். பெயர் மர்யம். அப்பா சவூதியில் இருக்கிறார். அம்மா ரமீஜா இரண்டு சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். அதனால் மர்யம் வாரத்தில் பாதி நாள் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகிறாள். வருகிற நாளில் வகுப்பே கலகலப்பாகிவிடும். யார் எந்தப் படகில் போனார்கள், என்ன மீன் கிடைத்தது என்று எல்லாம் சொல்வாள். எழுத்துதான் வரவில்லை.

இங்கே தலைமையாசிரியர் தேர்வைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. போன முறை நாங்கள் தாலுகாவில் கடைசிக்கு முந்திய இடம். கூட்டத்தில் அவரை எழுப்பி நிற்க வைத்துவிட்டார்கள். பாவம், நல்ல மனிதர். அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார்.

அன்புடன்,
அன்புமொழி

*

விராலிமலை
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்கு வர முடியவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. விடுமுறை நாளில்தான் பைபாஸில் வண்டி அதிகம், கடையை விட்டு அவரால் நகர முடியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அவசரம். உடனே பதில் போட வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். செம்மல் சார் என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, கொஞ்சம் இங்கிட்டு வாங்க" என்று வேப்பமரத்துப் பக்கம் கூப்பிட்டார்.

"பன்னெண்டாந்தேதி தேர்வுக்கா. அன்னைக்குப் பாப்பாவுக்கு லீவு போட்ருங்களேன்" என்றார்.

"ஏன் சார்?"

"மேலிடத்துல ஸ்கூலோட சராசரியத்தான் பாப்பாங்க. ரெண்டு மூணு பிள்ளைங்களால மொத்தமும் எறங்கிரும். பெரிய டீச்சர் சொல்லச் சொன்னாங்கக்கா. நானா சொல்லல."

"எம்புள்ள வந்து ஒக்காந்தா ஒங்க ஸ்கூல் எறங்கிருமா சார்?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லக்கா..."

"இத்தன நாளா நல்லாப் படிக்கிது நல்லாப் படிக்கிதுன்னு சொன்னது நீங்கதானே? நாங்க என்ன திருடிட்டா வந்தோம், அன்னைக்கு மட்டும் ஒளிஞ்சுக்கிட்டு இருக்க?"

அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கே பாவமாகப் போய்விட்டது. இலக்கியா கூரை மேல் நின்ற மயிலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவர் லீவு என்று சொன்னதும், கோபம் வருவதற்கு முன்னால் ஒரு நிம்மதி வந்தது. அப்பாடா, பிள்ளை தப்பித்தது என்று. அந்த நிம்மதிக்காகத்தான் அவரிடம் அவ்வளவு சத்தம் போட்டேனோ என்னவோ.

வீட்டில் அவருக்கு ரொம்ப சந்தோஷம். "அவங்களே வேணாம்னு சொல்லிட்டாங்கல்ல, விடு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. போனால் பிள்ளை அவமானப்படுவாள். போகாவிட்டால், அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது எந்தக் காகிதத்திலும் வராது. அப்படியே நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு என்று தள்ளிவிடுவார்கள்.

நான் என்ன செய்ய? உங்கள் பள்ளிக்கூடத்திலும் இப்படிப் பிள்ளைகளை வரவேண்டாம் என்று சொல்வது உண்டா? இல்லை, இங்கே மட்டும்தானா?

கார்த்திகா

*

மணமேல்குடி
10.2.2025

அன்பு கார்த்திகாவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கொஞ்சம் காய்ச்சல், அதனால் உடனே எழுத முடியவில்லை.

பிள்ளையின் உடம்பும் மனசும்தான் முக்கியம். தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு நாள் வீட்டில் வைத்துக்கொள்வதால் பெரிய நஷ்டம் எதுவும் வந்துவிடாது. அதிகமாக யோசித்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே. செம்மல் சாரையும் ரொம்பக் குறை சொல்லாதே. அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

இங்கே நல்ல வெயில். அத்தான் பரவாயில்லை.

அன்புமொழி

*

விராலிமலை
20.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் முழுக்கக் குணமாகிவிட்டதா? கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகாதே. எங்களுக்கு ஒன்றும் இல்லை, சௌக்கியம்.

உன் கடிதம் தேர்வு முடிந்த மறுநாள்தான் வந்தது. அதனால் நானாகவே முடிவு எடுத்திருந்தேன். நான் அவளை அனுப்பிவிட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் அவளிடமே கேட்டேன். "பாப்பா, நாளைக்குப் பரீட்சை. போறியா, இல்ல அப்பாகூடக் கடையில இருக்கியா?" அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எல்லாரும் போவாங்கல்லம்மா? நான் மட்டும் ஏன் கடையில இருக்கணும்?" அவ்வளவுதான். காலையில் அவரேதான் எங்கள் இருவரையும் வண்டியில் கொண்டுபோய் விட்டார்.

வாசலில் பெரிய டீச்சர் நின்றிருந்தார். இலக்கியாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்த பெண் மட்டும், "வாம்மா, ஒம்பேரு என்ன?" என்று கேட்டு உள்ளே கூட்டிப்போனாள். அக்கா, நான் கேட்டுக்கு வெளியேதான் நின்றேன். திரும்பக் கூட்டிவந்துவிடலாமா என்று எத்தனையோ தடவை நினைத்தேன்.

வெளியே வரும்போது சிரித்துக்கொண்டே வந்தாள். "எல்லாத்தையும் அடிச்சிட்டேம்மா. ஒரு வட்டம்கூடக் கோட்டுக்கு வெளிய போகல" என்றாள். கேள்வியைப் படிக்காமல் வரிக்கு ஒரு வட்டம் அழகாக நிரப்பியிருக்கிறாள். ஐஸ் வாங்கிக் கொடுத்தேன்.

நான் கேட்டதில் ஒன்றுக்கு நீ பதில் எழுதவில்லை. காய்ச்சலில் மறந்திருப்பாய்.

கார்த்திகா

*

மணமேல்குடி
14.3.2025

அன்பு கார்த்திகாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இங்கே நோன்புக் காலம். நேற்று ரமீஜா தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தாள். மர்யம்தான் கொண்டுவந்தாள். அத்தானுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எனக்குக் குடிக்கத் தோன்றவில்லை.

இலக்கியாவை அனுப்பியது நல்லது. வேறு விசேஷம் இல்லை.

அன்புமொழி

*

விராலிமலை
16.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் சுகம். உன் போன கடிதம் துண்டுச் சீட்டுப்போல இருந்தது. என்மேல் ஏதாவது வருத்தமா? இல்லை, அத்தானுக்கு உடம்பு சரியில்லாமல் மறைக்கிறாயா?

முடிவு வந்துவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். இலக்கியாவின் தாளில், 'தமிழ் வாசிப்பு: முதல் வகுப்பு நிலை' என்று போட்டிருந்தது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அச்சில் பார்க்கும்போது கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது. அந்தத் தாளை அங்கேயே கிழித்துப்போட்டால் என்ன என்று தோன்றியது. அவள் ஒரு தடவை கேட்டதும் முழுப் பாடத்தையும் சொல்வாள் என்று அதில் எங்கே போட்டிருக்கிறது? அவள் போடுகிற மயில் படம் எங்கே? அப்பா சிரிக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கஷ்டப்பட்டு நடித்தாளே, அதற்கு எந்த வட்டம் அக்கா?

பள்ளிக்கூடம் ரொம்பக் கீழே போய்விட்டது. பெரிய டீச்சர் என் பக்கம் பார்க்காமலே பேசினார். "மணமேல்குடிப் பக்கம் ஒரு ஸ்கூலப் பாருங்க, போன தடவ நம்மளவிட மோசம். இந்தத் தடவ எவ்வளவு அழகா மேல வந்திருக்கு" என்று ஊர்ப் பெயரைச் சொன்னார். அது உன் பள்ளிக்கூடம்! எழுந்து 'எங்க அக்கா ஸ்கூல்தான்' என்று சொல்ல வாய் வரை வந்தது.

வீட்டில் அவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். இலக்கியா வந்து, "அப்பா, நான் மறுபடி ஒண்ணாங் கிளாஸ்ல போய் ஒக்காரணுமா?" என்று கேட்டாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இனி நல்லதைக் கேள். கீழே போன பள்ளிக்கூடங்களுக்கு வாசிப்புச் சொல்லித்தரத் தனியாக ஆளை அனுப்புகிறார்கள். புதுக்கோட்டையிலிருந்து ஒரு பெண் வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் வருகிறாள். இலக்கியாவையும் இன்னும் சில பிள்ளைகளையும் தனியாக உட்கார வைத்து, மணலில் எழுதவைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். கூட்டத்தில் என்னை முறைத்த ஒரு பெண்ணின் மகனும் அதில் இருக்கிறான். போன வாரம் அந்த அம்மாவே வந்து என்னிடம் பேசினாள். வயிற்றுவலி இன்னும் நிற்கவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது.

அந்தத் தாள் என் பிள்ளையைச் சிறுமைப்படுத்தியது. அவளுக்கு ஒரு டீச்சரைக் கொண்டுவந்ததும் அதே தாள்தான். அதைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. மர்யம் எப்படி எழுதினாள்? எழுத மறந்துவிடாதே.

கார்த்திகா

*

மணமேல்குடி
12.5.2025

அன்புள்ள கார்த்திகாவுக்கு,

அத்தான் நலம். நானும் நலம். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மர்யம் எழுதவில்லை. நான்தான் வரவேண்டாம் என்று சொன்னேன்.

ஜனவரி கடைசியில் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு மூன்று பிள்ளைகளின் பெயரைச் சொன்னார். "இன்னொரு தடவ என்னால அந்தக் கூட்டத்துல எந்திரிச்சு நிக்க முடியாதும்மா" என்றார். நான் மறுக்கவில்லை. சாயங்காலம் ரமீஜா வீட்டுக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்தாள். "தேர்வு அன்னைக்கு மர்யம் வர வேணாம். புதுசா யாராச்சும் வந்தா புள்ள பயந்துரும்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள மேல ஒங்களுக்கு எம்புட்டு அக்கறை டீச்சர். அல்லா ஒங்களுக்கு நல்லது செய்யட்டும்" என்றாள்.

மறுநாள் உன் கடிதம் வந்தது. 'அன்னைக்கு மட்டும் ஒளிஞ்சுக்கிட்டு இருக்க?' என்று செம்மல் சாரிடம் நீ கேட்டதை என் வகுப்பறையில் உட்கார்ந்து படித்தேன். எனக்குக் காய்ச்சல் எதுவும் வரவில்லை.

தேர்வன்று காலையில் மனசு கேட்காமல் அவளைக் கூட்டிவரப் போனேன். வீடு பூட்டியிருந்தது. போன் செய்தேன். "கோட்டைப்பட்டினத்துல எங்கம்மா வீட்டுல இருக்கோம் டீச்சர். நீங்க சொன்னபடியே நேத்தே கூட்டிட்டு வந்துட்டேன்" என்றாள். சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

எங்களுக்கு நல்ல பெயர் வந்தது. மேடையில் ஏற்றிச் சால்வை போட்டார்கள். நல்ல பெயர் வந்த பள்ளிக்கூடத்துக்கு எதற்கு வாசிப்பு டீச்சர்? அதனால் யாரும் வரவில்லை. மணலில் எழுதவைக்கிறாள் என்று நீ எழுதியதைப் படித்தேன். இங்கே இல்லாத மணலா?

போன வாரம் ரமீஜா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவள் அன்றைக்கு டீ போடவில்லை. கைப்பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "அன்னைக்கு நீங்க அங்கிட்டுப் போனதும் அவுக வாப்பாவுக்குப் போன் போட்டு, டீச்சர் எவ்வளவு நல்லவுகன்னு சொன்னேன்" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "வேணாம் டீச்சர். பரவாயில்லன்னு சொல்ல எனக்கு வராது" என்றாள். கைப்பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள். "எம்புள்ள தோத்தா தோக்கட்டும். எல்லாரு கூடயும் ஒக்காந்து தோக்கட்டும். வீட்டுல தனியா வச்சுத் தோக்கடிக்காதீங்க."

அந்த மூன்று பிள்ளைகளும் நாங்கள் சொல்லித்தான் வரவில்லை, அவர்களுக்கு மறுபடி தேர்வு வைக்க வேண்டும் என்று வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைமையாசிரியர் என்னோடு பேசுவதில்லை. என்ன நடவடிக்கை வரும் என்று தெரியாது. விடுமுறையில் மர்யமுக்குச் சொல்லித்தர வரட்டுமா என்று ரமீஜாவைக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்னும் சொல்லவில்லை.

இத்தனையும் உனக்கு எழுதியாயிற்று. நீ என்ன நினைத்தாலும் எழுது.

அன்புமொழி

*

விராலிமலை
18.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? அத்தான் நலமா? எங்களுக்குக் குறையில்லை.

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வேலை அதிகம் இல்லை, காய்ச்சலும் இல்லை. எழுதப் பிடிக்கவில்லை, அதனால் எழுதவில்லை. வேப்பமரத்தடியில் நின்று நான் கேட்ட அத்தனையும் உன்னைக் கேட்டதாக ஆகிவிட்டதே என்று முதலில் அழுகை வந்தது. பிறகு அந்த ரமீஜாவை நினைத்தேன். செம்மல் சார் மட்டும் உன்னைப்போல வீடு தேடி வந்து, 'புள்ள பயந்துரும்' என்று அன்பாகச் சொல்லியிருந்தால் நானும் டீ போட்டுக் கொடுத்திருப்பேன். சராசரி, அது இது என்று அவர் உண்மையைச் சொன்னதால்தான் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததால்தான் பிள்ளையை அனுப்பினேன். அவளுக்குக் கோபப்படக்கூட வழியில்லாமல் செய்துவிட்டாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இதை எழுதிவிட்டேன். இனி மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன். எழுதிக் கொடுத்தாயே, அதற்கு என்ன பதில் வந்தாலும் பயப்படாதே. அவரும் சொல்லச் சொன்னார்: "அண்ணிக்கு ஒண்ணுன்னா நாம இருக்கோம்னு எழுது."

இலக்கியா நாலாம் வகுப்புக்குப் போகிறாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு வரி வாசிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. முன்னே கடகடவென்று ஒப்பித்தது கேட்க இனிமையாக இருந்தது. இப்போது வாசிப்பதைக் கேட்டால் கல் உடைக்கிற மாதிரி இருக்கிறது. அவர் மட்டும் தட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தப்பாகச் சொன்னாலும் அவசரப்படுத்துவதில்லை.

இந்த வருஷமும் ஏதோ தேர்வு வருகிறதாம். செம்மல் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்: "எம்புள்ள வரும் சார். எத்தன தேர்வு வச்சாலும் வரும். ஆனா படம் வரையிற கிளாஸ மட்டும் எடுத்துறாதீங்க." அவர் சிரித்துவிட்டு, "பெரிய டீச்சர்கிட்டயும் நீங்களே சொல்லுங்கக்கா" என்றார். சொல்லத்தான் போகிறேன்.

ரமீஜா பதில் சொல்லிவிட்டாளா? சொல்லாவிட்டால் மறுபடி போய்க் கேட்காதே. அவளாகச் சொல்லட்டும்.

அடுத்த வாரம் சனிக்கிழமை நான் மட்டும் பஸ் ஏறி வருகிறேன். நீ என்னை அவள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வாசல் வரைக்கும் வந்தால் போதும், உள்ளே நான் போய்க்கொள்கிறேன். அவளிடம் கேட்கவோ சொல்லவோ எனக்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும்.

உன் தங்கை,
கார்த்திகா